புள்ளி போன தெரு

பளிச்சக்கா வேண்டுமென்றே அழித்தாள் என்று இன்னொரு தரம் யாராவது சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி. எதிர்வீட்டுக்காரர் அவளைக் கைக்குள் போட்டுக்கொண்டாராம், அவளும் விலை போய்விட்டாளாம்! அன்றைக்கு அவள் பட்ட பாடு இவர்களுக்கு என்ன தெரியும்? வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறார்கள்.

இன்றைக்கு அந்தத் தெருவில் காலடி வைக்கவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் மரம், மரத்துக்குப் பின்னால் மதில், மதிலுக்குப் பின்னால் நாய், நாய்க்குப் பின்னால்தான் மனுஷர்கள். ஒரு காலத்தில் அது வெறும் சூளைச் சந்து. செங்கல் சுட்ட இடம். வெயிலில் புகை, மழையில் செஞ்சேறு. சூளை அணைந்த பிறகு பள்ளத்தை மண்ணடித்து மூடி, மனை போட்டு விற்றார் ஒருவர். முதல் பங்களாவைத் தனக்கே கட்டிக்கொண்டார். ஊருக்கு அவர் பெரிய புள்ளி, வேலைக்காரர்களுக்கு ஐயா.

வந்து குடியேறினவர்களுக்கெல்லாம் அந்தப் பழைய பேர் முள்ளாகக் குத்தியது. "விலாசத்துல சூளைன்னு பாத்ததும் சம்பந்தம் பேச வந்தவங்க மூக்கைப் பொத்துறாங்க" என்று ஒரு வீட்டம்மா அழாத குறை. தன் பேரையே வைத்துவிட ஐயாவுக்கு ஆசைதான். பச்சையாகக் கேட்டால் நாலு பேர் சிரிப்பார்களே! எடுபிடிகள் அவரைச் செல்வர், செல்வர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதையே பிடித்துக்கொண்டார். செல்வர் தெரு. யாருக்கும் ஒரு வாய் காபி கொடுத்தறியாத கஞ்ச மகாபிரபு!

பளிச்சக்கா ஐயா வீட்டு வேலைக்காரி. அவள் துடைத்த பாத்திரத்தில் முகம் பார்க்கலாம், அதனால்தான் அந்தப் பேர். புருஷன் போன பிறகு போக்கிடம் கிடையாது. பின்கட்டில் ஒரு அறை, ஒரு துணி மூட்டை, அவ்வளவுதான் அவள் சொத்து. எழுத்து தெரியாது. அதில் என்ன வெட்கம்? எத்தனையோ பேருக்குத் தெரியாது.

ஐயாவைக் கண்டால் அவளுக்குப் பயம். சும்மா இல்லை. முந்தின டிரைவர் காரைச் சுவரில் உரசிவிட்டான் என்று கார் ஷெட்டுக்குள் தள்ளி ஷட்டரை இறக்கினார்கள். வெளியே வந்தவன் அதற்கப்புறம் ஒரு காலை இழுத்துத்தான் நடந்தான். அன்றிலிருந்து ஷட்டர் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

பெயர்ப் பலகை எழுத வந்த பெயின்டரை ஐயா நின்று விரட்டினார். அவசரத்தில் எழுதிவிட்டுப் பெயின்டர் சாப்பிடப் போனார். வெள்ளைப் பலகை போர்ட்டிகோவில் சாய்ந்திருந்தது. "சாயங்காலம் பெரிய மனுஷங்க வர்றாங்க. இதுல ஒரு தூசு இருந்துச்சு, தொலைச்சுடுவேன்" என்று ஐயா அவளிடம் உறுமிவிட்டுப் போனார்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு எழுத்துக்கு மேலே, எதிலும் ஒட்டாமல், ஒரு கறுப்புத் துளி வால்விட்டு வழிந்திருந்தது. பெயின்ட் சிந்திவிட்டது, பழி நம் தலையில்தான் விடியும் என்று பதறிப்போனாள். தள்ளி இன்னொரு துளியும் இருந்தது. அது வட்டமாக, லட்சணமாக இருந்ததால் அலங்காரம் என்று விட்டுவிட்டாள். துணியில் மண்ணெண்ணெய் தொட்டு ஒரே தேய். பளிச்!

சாயங்காலம் ஐயா பலகையை மூடியிருந்த திரையை இழுத்தார். எதிர்வீட்டுக்காரர் உரக்கப் படித்தார்: "செலவர் தெருவா? அப்ப இனிமே எங்க செலவெல்லாம் உங்களுது!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் செலவர் தெரு என்றால்தான் வண்டி கிளம்பும். அன்றைக்கு ஐயாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பளிச்சக்கா கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

விருந்தாளிகள் போனதும் பெயின்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்தார்கள். "புள்ளி வெச்சேங்கய்யா! சத்தியமா வெச்சேங்க!" கடகடவென்று ஷட்டர் இறங்கியது.

"என்ன தம்பி புள்ளி?" என்று பளிச்சக்கா புது டிரைவரிடம் கேட்டாள்.

"எழுத்து மேல சின்னப் பொட்டு மாதிரி இருக்கும்க்கா. பெரிய புள்ளி வீட்டு வாசல்ல சின்னப் புள்ளியைக் காணோம். அவன் கையை ஒடிச்சாத்தான் ஆத்திரம் அடங்கும்கிறார்."

தான் தேய்த்தது அதைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் அறை போகும், சோறு போகும், கையோ காலோ போகும். சொல்லாவிட்டால் அந்த மனுஷனின் கை போகும். தூரிகை பிடிக்கிற கை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கூடத்துக்குப் போனாள்.

"ஐயா, நான்தாங்க தேச்சேன். அழுக்குன்னு நெனச்சேன்."

ஐயா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு புள்ளி இருந்துச்சு. எழுத்து தெரியாதவ, ஊரு சிரிக்கிற புள்ளியாப் பாத்து எப்படிடி அழிச்சே? எதிர்வீட்டுக்காரன் சொல்லிக் குடுத்தானா?"

"வழிஞ்சிருந்துச்சுங்க..." இன்றைக்கு ஊர் மெல்லுகிறதே, அது அப்போது ஐயா துப்பின வார்த்தைதான்.

"டிரைவர்! இவளையும் உள்ள தள்ளு. வந்து பேசிக்கிறேன்." மாடியில் போன் அடித்தது. அவர் ஏறிப் போனார்.

டிரைவர் ஷட்டரைத் தூக்கினான். பெயின்டர் மூலையில் குந்தி, வலது கையைக் கக்கத்தில் ஒளித்து வைத்திருந்தார். டிரைவருக்கும் முகம் வெளிறியிருந்தது. "அக்கா, நான் புள்ளகுட்டிக்காரன்" என்றான்.

"தெரியும் தம்பி. போய்த் தண்ணி குடிச்சுட்டு வா."

அவன் ஷட்டரை இறக்காமல் விட்டான். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

கார் போகிற பின்வழியில் நாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஷெட்டை ஒட்டின கூடத்தைத் தாண்டி முன்வாசல் ஒன்றுதான் வழி. அந்தக் கதவின் பித்தளைப் பிடியை எத்தனையோ தரம் துலக்கியிருக்கிறாள், ஒரு நாளும் அதன் வழியாகப் போனதில்லை. பெயின்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடிடலாமாக்கா?" என்றார் அவர், மூச்சுக்காற்றில்.

"வேணாம். சத்தம் கேக்கும். நடங்க."

கதவைத் திறந்தாள். கீல் கிறீச்சிட்டது.

"யாரது?" மாடியிலிருந்து ஐயா.

பெயின்டரை வாசலுக்கு வெளியே தள்ளினாள். "நான்தாங்கய்யா."

"கதவைச் சாத்து!"

"சாத்திடறேங்கய்யா" என்றாள். படியிறங்கி நின்று, வெளியிலிருந்து சாத்தினாள்.