கீழ கீறன்

எப்சி பொய்யே சொல்லாதவள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொய் சொல்லும் அளவுக்குக்கூட அந்தச் சமயத்தில் அவளுக்கு எதிலும் அக்கறை இல்லை. அதனால்தான் நம்பினேன். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த அந்த வரிகளைப் பிறகு நானும் என் கண்ணால் பார்த்தேன்.

ஆம்பூர் பைபாஸை ஒட்டி, முன்பு தோல் பதனிடும் டேனரியாக இருந்த கட்டடம். அதன் மாடியில் ஆபித் பாஷாவின் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. எப்சிக்கு அங்கே கையேடு எழுதும் வேலை. ஏழு மாசக் குழந்தை வயிற்றிலேயே தவறிப்போய், லீவு முடிந்து திரும்பியிருந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், போ என்றால் போனாள்.

இப்போதெல்லாம் ஏஐ ஏஜென்ட்டுகளே பிரவுசரைத் திறந்து நமக்காகத் தேடுகின்றன, வாங்குகின்றன. அப்போது திரைக்குப் பின்னால் பிரவுசர் யாரோடு என்ன பேசுகிறது, என்ன பதில் வருகிறது என்று வரி வரியாகப் பிடித்துக் காட்டும் கருவி ஒன்றை அந்தக் கம்பெனி செய்திருந்தது. ஏஜென்ட்டே படித்துப் புரிந்துகொள்ளும்படி அதற்குக் கையேடு எழுத வேண்டும். கருவியை உருவாக்கிய ஆஃப்ரீன் அன்று லீவு.

வெள்ளிக்கிழமை மதியம். பாதிப் பேர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் சாப்பிட. மாடியில் அவள் மட்டும்.

உதாரணத்துக்காக, ஒரு கடையின் தளத்தில் கறுப்பு ஷூ தேடும்படி ஏஜென்ட்டிடம் சொன்னாள். நாம் எழுத்தெழுத்தாகத் தட்டினால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி வரும், ஏஜென்ட் அப்படித் தட்டாது. முழுச் சொல்லையும் ஒரே அடியாகப் போட்டுவிடும். அதனால் கருவியில் ஒரே ஒரு தேடல் வரிதான் வரவேண்டும். வந்தது.

அதற்குக் கீழே இன்னொன்றும் வந்தது.

மூ

பிறகு... மூடி. மூடி தொ. மூடி தொற...

யாரோ ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவது போல. ஒரு எழுத்து தப்பாக வந்தது. அழிந்தது. மறுபடி வந்தது. பிரவுசரில் தேடும் கட்டம் காலியாகத்தான் இருந்தது. ஏஜென்ட் வேலை முடிந்தது என்று சொல்லி எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

எப்சி பயப்படவில்லை. கையேட்டில் ‘தெரிந்த கோளாறுகள்’ என்ற தலைப்பின் கீழ் இதையும் ஒரு வரி சேர்த்தாள். பிறகு ஆஃப்ரீனுக்குப் போன் செய்தாள். ஆஃப்ரீன் தன் அம்மாவோடு வேலூரில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தாள். நெட்டை கட் பண்ணிட்டுப் பாரு, அப்பவும் வந்தா பேஜாருதான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைஃபையை அணைத்தாள். கேபிளையும் பிடுங்கினாள்.

காத்து... காத்து இல்ல...

நெட்டே இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரில் பச்சையாக 200. அனுப்பியது போய்ச் சேர்ந்தது, பதிலும் வந்தது என்று அர்த்தம்.

எங்கே போய்ச் சேர்ந்தது?

கீ

கீழ

கீழ கீறன்

கீழே இருக்கிறேன் என்று, இந்தப் பக்கத்து ஆள் பேசுகிற மாதிரியே.

அப்போதுதான் அந்தச் சத்தம். கட்டடத்தின் பின்பக்கம். இரும்பில் இடிக்கிற மாதிரி.

டங்...

டங்...

ஆள் கீறான். சீக்கிரம்.

இது எழுத்தெழுத்தாக வரவில்லை. முழுசாக வந்தது.

எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கால் தானாகப் போனதாம்.

பின்பக்கம் டேனரிக் காலத்துக் கழிவுநீர்த் தொட்டி. அதன் இரும்பு மூடி மேல் ஒரு பார்சல் வேன் நின்றிருந்தது. டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றுவிட்டது.

“அண்ணா, வண்டிய எடுங்க.”

“இன்னா மேடம்?”

“எடுங்க.”

வேன் நகர்ந்ததும் இருவரும் கடப்பாரையால் நெம்பினார்கள். மூடி தொறந்து கெடந்துச்சு, வண்டி நிறுத்தணும்னு நான்தான் மூடினேன் என்று டிரைவர் முனகினார். நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே, இருட்டில், காக்கிச் சட்டை.

டிரைவர் குதிக்கப் போனார். எப்சி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விஷவாயு. இறங்குகிறவனும் திரும்ப மாட்டான் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கையால் தீயணைப்புக்குப் போன் செய்தாள், வண்டி வரும்வரை பிடியை விடவில்லை.

தொட்டியில் இருந்தவர் வேலாயுதம். தொட்டி சுத்தம் செய்ய ஒரு காண்ட்ராக்டர் வாலாஜாபேட்டையிலிருந்து தனியாக அனுப்பியிருந்தார். உயிர் இருந்தது. அவ்வளவு நேரம் எப்படித் தாங்கினார் என்று டாக்டருக்கே புரியவில்லை.

மறுவாரம் எப்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேலாயுதம் மெதுவாகப் பேசினார். தான் படித்ததில்லை, போனில் தட்டவும் தெரியாது என்றார். பிறகு அவள் கேட்காமலே சொன்னார்.

“கூட ஒருத்தர் இருந்தாரும்மா. தலைய தண்ணிக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தாரு. மேல சொல்லிட்டேன், வருவாங்கன்னாரு.”

யார் என்று கேட்டாள். முகம் தெரியவில்லை என்றார். கை மட்டும் ஜில்லென்று இருந்ததாம்.

ஆஃப்ரீன் ரெண்டு நாள் கருவியைக் குடைந்து பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. எப்சி கையேட்டை முடித்துக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஜான்சனைப் பார்த்தாள். அன்று கயிறு இழுத்த தீயணைப்பு வீரர்களில் ஒருவர். அவர் தயங்கித் தயங்கி, உள்ளே எத்தனை பேர் இருந்தாங்க சிஸ்டர் என்று கேட்டார்.

“ஒருத்தர்தான்.”



“மாஸ்க் போட்டு எறங்கினவனும் ஒருத்தரத்தான் கட்டினேன்னு சொல்றான். ஆனா நாலு பேர் இழுத்தோம்... ரெண்டு ஆள் கனம்.”

ஜான்சன் குரலைத் தாழ்த்தினார்.

“வெயில் படற எடத்துக்கு வந்ததும் சட்டுனு பாதியாயிடுச்சு.”