சாட்சி சொன்ன நாள்

எனக்குப் பதின்மூன்று வயதான வருஷம், மே மாத விடுமுறை முழுவதும் கோயிலிலேயே கழிந்தது. திடப்படுத்தல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் லுத்தரன் சபையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அது பெற்றவர்கள் எடுக்கும் முடிவு. பிள்ளைக்கு விவரம் தெரிந்த பிறகு, சபைக்கு முன்னால் நின்று 'இது என் விசுவாசமும்தான்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கிடைக்கும். அப்படிச் சொல்லத் தயார்செய்வதுதான் அந்த வகுப்பு. அந்த வருஷம் நாங்கள் எட்டுப் பேர்.

பாகூருக்கும் கடலுக்கும் நடுவே, கரும்பும் நெல்லும் சூழ்ந்த எங்கள் காலனியின் கடைசிக் கட்டடம் கோயில். அதை ஒட்டிக் குருமனை. அதில் குடியிருக்கும் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். கேட்கிற வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை.

இந்த ஐயர் புதிதாக வந்தவர், இளவயதுக்காரர். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முன்பு இருந்தவர் கட்டளைகளை நெட்டுருப் போடவைத்து, ஒரு வார்த்தை பிசகினாலும் முட்டி போடச் சொல்வார். இவர் பாடம் முடிந்ததும் விளையாட வைத்தார். நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒருவரை அதிகாரியாக உட்காரவைப்பார். இன்னொருவர் எதிரே நிற்க வேண்டும். "நீ யார்?" என்று அதிகாரி அதட்டுவார். நிற்பவர் "நான் கிறிஸ்தவள்" என்று சொல்ல வேண்டும். "ஜெயிலில் போடுவேன்" என்றாலும், "சோறு கிடைக்காது" என்றாலும் அதே பதில்தான். குரல் நடுங்கினால் திரும்ப முதலிலிருந்து. எங்கள் சபைக்கே பெயர் கொடுத்த அந்த ஜெர்மனிக்காரர் பேரரசரின் முன்னால் நின்று பின்வாங்க மாட்டேன் என்று சொன்ன கதையை ஐயர் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

"யாரு கேட்டாலும் பயப்படக் கூடாதும்மா. தைரியமா சொல்லணும்" என்பார்.

அந்த விளையாட்டில் என்னை ஜெயிக்க ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஐயர் அம்மாவை நிறுத்தி, "உங்க சின்னவ இந்தச் சபைக்கே சாட்சியா இருப்பா, பாருங்க" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பெயர் எஸ்தர். பள்ளிக்கூடத்தில் தமிழ்ச்செல்வி. அக்காவுக்கும் அப்படித்தான், அப்பாவுக்கும் அப்படித்தான், காலனியில் எல்லோருக்கும் அப்படித்தான். மழைக்கு ஒரு செருப்பு வெயிலுக்கு ஒரு செருப்பு மாதிரி இதுவும் ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தேன். வேதத்தில் வரும் எஸ்தரும் தன் குலத்தை யாருக்கும் சொல்லாமல் ரொம்ப நாள் மறைத்து வைத்திருந்தவள்தான். வகுப்பில் அந்தப் பக்கத்தை நாங்கள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிட்டோம்.

இரண்டு பெயருக்கும் காரணம் எளிமையானது, அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் என்று காகிதத்தில் வந்துவிட்டால் எஸ்.சி. சர்டிபிகேட் கிடையாது. கோயிலுக்குள் போனவனுக்குச் சாதி போய்விடுகிறது என்று சட்டம் நம்பியது. ஊர்த்தெரு டீக்கடைக்காரர் அப்படி நம்பவில்லை. எங்களுக்கு அவர் வேறு டம்ளர்தான் வைத்திருந்தார்.

அப்பா பிள்ளையார்குப்பத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். காலையில் வெள்ளை யூனிபார்மில் நர்சிங் பெண்கள் வரிசையாக உள்ளே போவதைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட உட்காரும்போது அதையே சொல்வார். அக்கா பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். எஸ்.சி. சர்டிபிகேட் இருந்தால் கவர்ன்மென்ட் கோட்டாவில் நர்சிங் சீட்டு நிச்சயம் என்று பள்ளிக்கூடத்து டீச்சரே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அப்பா தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுத் தருவோம் என்றார்கள்.

விசாரணைக்கு வருகிற அன்று காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் வீடு எங்கள் வீடாக இல்லை. வசனம் போட்ட காலண்டரைக் காணோம். கதவுக்கு மேலே இருந்த மரச்சிலுவை ஆணியோடு பிடுங்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில், மதம் மாறாத பெரியப்பா வீட்டிலிருந்து வாங்கி வந்த முருகன் படம். அம்மா நெற்றியில் குங்குமம். அக்கா கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுவதும் எடுப்பதுமாக இருந்தாள். ஒட்டும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து வருஷமாகக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள் அவள்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"நீ கிளாசுக்குப் போ. மதியானம் வரிக்கும் அங்கியே இரு. வூட்டுப் பக்கம் வராத" என்றாள் அம்மா.

நான் கிளம்பினேன். மதியம் வரை அங்கேயே இருந்திருப்பேன். ஆனால் அன்று கடலூரில் ஏதோ கூட்டம் என்று ஐயர் பத்தரை மணிக்கே ஜெபம் பண்ணி வகுப்பை முடித்துவிட்டார். வெயில் ஏறியிருந்தது, தாகம். நான் நேரே வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வி.ஏ.ஓ. உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஊர்த்தெருவிலிருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர். நிறையக் கரும்பு வைத்திருப்பவர், அம்மா அவர் நிலத்தில்தான் நடவுக்குப் போவாள். அப்பா நின்றுகொண்டிருந்தார். வேலை முடிகிற நேரம் என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. வி.ஏ.ஓ. பேனாவை மூடப்போகும்போது என்னைப் பார்த்தார்.

"சின்னதா? எங்கம்மா போய்ட்டு வர்ற?"

கேட்டதில் ஒன்றுமில்லை. வெயிலில் வந்த பிள்ளையிடம் யாரும் கேட்பதுதான். அம்மா கதவோரத்திலிருந்து அவசரமாக, "டியூசனுக்கு சார்" என்றாள். அவர் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் நாற்காலி இருந்தது, அதில் அதிகாரி இருந்தார், நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாள் விளையாடியது நிஜமாகவே எனக்கு நடக்கிறது என்று நினைத்தேன்.

"டியூசன் இல்ல சார். கோயில்ல கன்ஃபர்மேஷன் கிளாஸ். நான் கிறிஸ்டியன். எங்க வூட்ல எல்லாருமே கிறிஸ்டியன்தான்" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அப்பா என்னைப் பார்க்காமல் முருகன் படத்தைப் பார்த்தார்.

"சின்னப் பொண்ணு. பொய்யி சொல்லாது சார்" என்றார் கரும்புக்காரர். சொல்லிவிட்டுக் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

வி.ஏ.ஓ. அப்பாவைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். ஆனாலும் எனக்குக் கேட்டது. "எனக்குத் தெரியாதாய்யா? கேக்காம எழுதிட்டுப் போலாம்னுதான் பாத்தேன். இப்ப அந்தாளு காதுல வுழுந்துடுச்சே. நாளைக்கி அவரு ஒரு பெட்டிஷன் போட்டா என் வேலை போயிடும்." எழுதிய தாளைக் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே இரண்டு வரி எழுதினார். அவ்வளவுதான்.

அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் தயாராகவே இருந்தேன். வகுப்பில் சொன்ன கதைகளில் எல்லோரும் அடி வாங்கியிருந்தார்கள். அவள் அடிக்கவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரும் என்னை ஒன்றும் சொல்லாததுதான் பொறுக்க முடியவில்லை. பாராட்டுகிற ஒருவரைத் தேடிக் குருமனைக்கு ஓடினேன்.

ஐயர் மோட்டார் பைக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று பார்த்தால், வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா கேட்டாங்க? வி.ஏ.ஓ.வா? அவர்கிட்டயா சொன்ன?"

"ஆமாங்கய்யா. பயப்படாம சொன்னேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அப்பா வந்துவிட்டார். செக்யூரிட்டி சட்டையைக்கூடச் சரியாகப் பொத்தான் போடாமல் வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரே ஒரு லெட்டர் கேட்டார். இந்தக் குடும்பம் நம் சபையில் இல்லை, குழந்தை சும்மா விளையாட வந்து போகிறது என்று இரண்டு வரி. தாலுகா ஆபீசில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

ஐயர் அப்பாவின் கட்டிய கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டார். "சபைப் பதிவேட்டுல உங்க பேரு இருக்கு. இல்லன்னு நான் எப்பிடி எழுதறது? இந்த அங்கியப் போட்டுக்கினு பொய்யி எழுதச் சொல்றீங்களா?"

"எம் பொண்ணு வாயில வார்த்தைய வெக்கத் தெரிஞ்சுது. உங்க கையால எழுதத் தெரியலயா, ஐயரே?" என்றார் அப்பா.

அப்பா யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

ஐயர் பொய்க்கடிதம் எழுதவில்லை. அதற்குப் பதிலாக மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் நர்சிங் பள்ளிக்கு ஒரு நிஜமான கடிதம் எழுதினார். அக்கா நல்ல விசுவாசி, ஏழைக் குடும்பம், சபைக்கு உழைப்பவள் என்று இரண்டு பக்கம். அங்கே சபைப் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. ஆனால் அந்த இடங்கள் எங்கள் கடிதம் போவதற்கு முன்பே, பெரிய ஊர்ச் சபைகளின் பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிருந்தன. வருத்தம் தெரிவித்து, ஆசீர்வாதமும் சேர்த்து, பதில் வந்தது. இப்படியாக, கிறிஸ்தவள் என்பதால் அரசாங்க இடமும், கிறிஸ்தவர்களிலேயே சின்னவள் என்பதால் மிஷன் இடமும் அக்காவுக்கு இல்லாமல் போயின.

விஷயம் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. கரும்புக்காரர் பெட்டிஷன் போடத்தான் செய்தார். காலனியில் மனு கொடுத்திருந்த மற்ற வீடுகளின் காகிதங்களும் ஆபீசில் நின்றுபோயின. தண்ணிக் குழாயடியில் அம்மா வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். "படிச்சிக் கெட்டதெல்லாம் போதும்" என்றாள் ஒருத்தி, ஐயரின் காதில் விழும்படியாகவே. எட்டுப் பேர் மூன்று பேரானோம். நாற்காலி விளையாட்டை ஐயர் அதற்குப் பிறகு நடத்தவில்லை. நாங்களாகக் கேட்டபோது, கட்டளைகளை ஒப்பிக்கச் சொன்னார்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று எனக்குத் திடப்படுத்தல் நடந்தது. அப்பா வேண்டுமென்றே ஞாயிறு ஷிப்ட் கேட்டு வாங்கிப் போயிருந்தார். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அக்காதான் என் வெள்ளைத் தாவணிக்கு மடிப்பு எடுத்து ஊக்கு குத்திவிட்டாள், பாடகர் குழுவில் நின்று பாடவும் பாடினாள். மரணபரியந்தம் இந்த விசுவாசத்தில் நிலைத்திருப்பாயா என்று பலிபீடத்தின் முன் ஐயர் கேட்டபோது, அவர் கண் புத்தகத்திலேயே இருந்தது. நான் கோயில் முழுக்கக் கேட்கும்படி, தேவ ஒத்தாசையோடு நிலைத்திருப்பேன் என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் முணுமுணுத்தார்கள். நான்தான் நன்றாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அக்கா வேலைக்குப் போனாள். மாத்திரை அட்டைகளை டப்பாவில் அடுக்குகிற ஒரு கம்பெனி. தவளக்குப்பம் ஜங்ஷனுக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். துணைக்கு என்னை அனுப்பினார்கள். பஸ்ஸுக்காகப் பத்துப் பதினைந்து பெண்கள் துப்பட்டாவால் தலையை மூடி நின்றிருந்தார்கள். அக்கா அவர்களோடு போய் நிற்காமல், பூட்டிக்கிடந்த செல்போன் கடையின் படியில் என்னோடு உட்கார்ந்தாள். வி.ஏ.ஓ. வந்த அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் பற்றிக் கேட்டாள்.

"அன்னிக்கி அதச் சொல்லச் சொல்ல உனக்கு எப்பிடிடி இருந்துது? பயமா இருந்துதா?"

"இல்லக்கா. சந்தோஷமா இருந்துது."

பஸ் வந்து நின்றது. அவள் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: "என்னிய ஒரு வாட்டிகூட வெளி ஆளுங்ககிட்ட அப்பிடிச் சொல்ல வுடல, பாத்தியா."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. கையசைத்தேன். அவள் பார்க்கவில்லை. அக்காவுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் அவளுக்கு என்மேல் பொறாமை என்று எனக்குத் தோன்றியது. பாவமாகவும் இருந்தது. ஆண்டவரே, அவளுக்கும் என்னைப்போல் தைரியம் கொடும் என்று, பஸ் போன பிறகு, வழி நெடுக ஜெபம் பண்ணிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.