திரும்பி நடந்த சிங்கம்

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூனில் ஓர் ஏலக்கடையில் வேலை பார்த்தேன். சீமைக்குத் திரும்பும் துரைமார் விட்டுப்போகும் வெள்ளிச் சாமான்களைச் சுண்ணாம்புத்தூள் போட்டுத் துடைக்க வேண்டும். நாலு பேர் நடுவே எனக்கு நா எழாது. ஜன்னலோரத்து மேஜையில் தனியாக உட்காரும் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

துடைக்கத் துடைக்க, கரண்டிகளின் பின்புற முத்திரைகள் பழகிவிட்டன. இங்கிலீஷ் வெள்ளியிலும் சிங்கம் நடக்கும், டச்சு வெள்ளியிலும் நடக்கும். டச்சுச் சிங்கத்தின் காலடியில் மட்டும் 2 என்ற இலக்கம் இருக்கும். பக்கத்தில் கவசம் அணிந்த ஒரு பெண்ணின் தலை. கவசத்துக்குள் பொடியாக ஓர் எழுத்து, எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதற்கு. அவளுக்கு நான் வைத்த பெயர் தொப்பிக்காரி.

ஒருநாள், ஏலப் பட்டியல் எழுதும் பெரிய கிளார்க் ஒரு குழம்புக் கரண்டியை இங்கிலீஷ் என்று எழுதினார். கடை நிறைய ஆள்.

"ஐயா, இது டச்சுங்க. சிங்கத்துக்குக் கீழ ரெண்டு இருக்கு," என்றேன்.

"ஏன்யா, சிங்கம் வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

"தமிழ்லயே சொல்லியிருக்கும்," என்றான் ஒரு மூட்டைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

அச்சாகி வந்த பட்டியலில் டச்சு என்றுதான் இருந்தது. முதலாளி கிளார்க்கைப் பாராட்டினார். அடுத்த வாரம், நான் முத்திரைகளைத் தேய்த்து அழிக்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லி, கிளார்க் என்னைக் கொல்லைப்புறத்துக்குப் பெட்டி பிரிக்க அனுப்பினார். மழைக்காலம் முழுவதும் ஈர வைக்கோலோடு கிடந்தேன். "என்ன சிங்கம், வைக்கோல் தின்னுதா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான்.

மழை விட்டபோது ஒரு தேநீர் செட் வந்தது. வைக்கோலிலிருந்து எடுத்தவன் நான்தான். கெட்டிலின் அடியில் சிங்கமும் தொப்பிக்காரியும் இருந்தார்கள். ஆனால் இடப்பக்கம் நடக்க வேண்டிய சிங்கம் வலப்பக்கம் நடந்தது. கவசத்துக்குள் B என்ற எழுத்து முதுகைக் காட்டி நின்றது. முத்திரை அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் வெள்ளியில் நேராக விழும். இங்கிலீஷ் எழுத்து அறியாத உள்ளூர்க் கொல்லன் யாரோ, பார்த்ததைப் பார்த்தபடி போலி அச்சு வெட்டியிருக்கிறான்.

முதலாளியிடம் சொல்லியிருந்தால் என் மேஜை அன்றே கிடைத்திருக்கும். சொல்லவில்லை. கெட்டிலின் அடியை மட்டும் பளபளவென்று துடைத்து அனுப்பினேன்.

கிளார்க் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய டச்சு என்று எழுதினார். ஏலத்தன்று தாமே அதை எடுத்துக் காட்டினார். நான் கொல்லை வாசலிலிருந்து பார்த்தேன். முன்னே டச்சுக்காரர் ஆண்ட பத்தேவியாவில் வியாபாரம் செய்த ஒரு சீனர் கெட்டிலை வாங்கி அடியைப் பார்த்தார். எழுந்து போய், விற்பனைக்கு நின்ற முகக்கண்ணாடி மேஜைமுன் அதைப் பிடித்தார். கண்ணாடிக்குள் சிங்கம் சரியாக நடந்தது.

"பியாங்பியான்," என்றார் பர்மியப் பேச்சில். திருப்பிப்போட்டது, தலைகீழ் என்று அர்த்தம். பின்வரிசைப் பர்மியப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு கடையே சிரித்தது.

கிளார்க் கொல்லைக்கு ஓடிவந்தார். "யோவ், நீதான பெட்டிய பிரிச்ச? பாக்கலியா?"

"பாத்தேங்க. சிங்கம் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க."

அன்று என் நா தடுமாறவில்லை.

அதன்பின் அந்தக் கடையில் அவர் பெயர் பியாங்பியான். முதலாளி எனக்கு ஜன்னல் மேஜையைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளி எதுவானாலும் என்னிடம் காட்டிவிட்டே எழுதவேண்டும் என்று கிளார்க்குக்கு உத்தரவு. அவருக்கு முழங்கால் வலி என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு கரண்டியையும் நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அவரை உட்காரச் சொன்னதே இல்லை.