என் தம்பி நெஞ்சும் அவள் நெஞ்சும்

அந்தப் பொம்பளையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திண்டுக்கல்லில் தோல் கிடங்குகள் இருந்த தெருவொன்றில் அவள் குடியிருந்தாள். புருஷன் இல்லை. கிடங்கு வேலைக்கு வரும் வெளியூர் ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டு, பின்கட்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைத்தாள். ஐம்பதுகளின் கடைசியில் மழை பொய்த்து எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றியபோது, என் தம்பி அந்த அறைக்குத்தான் போய்ச் சேர்ந்தான்.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்து, தக்காளிக் கூடை சுமந்து வளர்ந்த உடம்பு அவனுக்கு. காய்ச்சல் என்று அவன் படுத்து நான் பார்த்ததில்லை. அவளுக்கோ வருஷக்கணக்காக இருமல். பேசினால் இருமுவாள், சோறு போடும்போது முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமுவாள். அவள் பிள்ளைகள் மூன்றும் சளி ஒழுகும் மூக்கோடு தெருவில் ஓடித் திரிந்தன. அவனைப் பார்க்கப் போன முதல் தடவையே, "வேற எடம் பாருடா" என்றேன். "சோறு நல்லாருக்குக்கா" என்று சிரித்தான்.

அடுத்த ஐப்பசிக்குள் ரத்தமாகத் துப்பினான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வாழ்க்கைப்பட்ட வீடும் எங்கள் ஊரிலேயேதான். கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து அவன் கட்டிலடியில் கிடந்தேன். ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். அவன் என் கண்ணெதிரே கரைந்துகொண்டே போனான். கூடை சுமந்த தோள் குச்சியாகிவிட்டது.

அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள் என்று டாக்டர் அவளையும் வரவழைத்துப் படம் எடுத்திருந்தார். ஒரு நாள் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். தம்பியின் படத்தில் நெஞ்சு முழுக்க வெள்ளை, நடுவில் ஓட்டைகள். அவள் படத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போலச் சில தழும்புகள், அவ்வளவுதான்.

"ரெண்டுமே ஒரே கிருமிதாம்மா" என்றார். "அந்தம்மா உடம்பு சின்ன வயசுலயே இதப் பாத்துருச்சு. சுத்திச் சுவர் கட்டி அடக்கி வச்சிருக்கு. அப்பப்பக் கசியுது. ஒங்க தம்பி உடம்புக்கு இது புதுசு. ஒரேயடியாச் சண்டைக்குப் போயிருச்சு. கிருமி தின்னது பாதி, அந்தச் சண்டையில வெந்தது பாதி."

"அப்ப அவன் கெட்டியா இருந்ததுதான் தப்பா?"

"கெட்டி, நோஞ்சான்ங்கிறது இல்லம்மா. ஊருக்கு ஊரு, சனத்துக்குச் சனம் இது மாறுது. தலைமுறையா இந்த நோவோட கெடந்த சனம் ஒரு மாதிரி தாங்குது. புதுசாப் பாக்குற சனம் வேற மாதிரி. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல."

தெரியாததைச் சொல்ல இம்புட்டுப் பேச்சா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் அவள் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தாள். வார்டு வாசலிலேயே மறித்தேன்.

"இன்னும் என்னத்தக் குடுக்க வந்த? குடுத்தது பத்தாதா?"

"நான் வேணும்னா குடுத்தேன்?"

"ஒம் பிள்ளைக மூணும் கல்லுக்குண்டாட்டம் திரியுதுக. எந்தம்பிதான் கெடச்சானா?"

சட்டியைக் கீழே வைத்தாள். குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "திரியுற மூணப் பாத்த. மண்ணுக்குள்ள ரெண்டு கெடக்கே, அதப் பாத்தியா? எங்க தெருவுல எந்த வீட்டக் கேட்டாலும் இதான். எங்கள இது ஒண்ணும் பண்ணாதுன்னா நெனைக்கிற? பண்ண வேண்டியதப் பண்ணிட்டு மிச்சம் விட்டதுதான் நாங்க!"

எனக்கு இரக்கம் வரவில்லை. சட்டியை எடுத்துக் கஞ்சியை வராந்தாவுக்கு வெளியே கொட்டினேன். காலிச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு, திட்டியபடியே போனாள்.

தை பிறக்கும் முன்னே தம்பி போய்விட்டான்.

மறுவருஷம் காசநோய்த் தடுப்பூசிக்காரர்கள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். முதலில் முன்கையில் சோதனையாக ஒரு சின்ன ஊசி. சில நாள் கழித்து வந்து, தடித்திருக்கிறதா என்று அளந்து பார்த்தார்கள். ஊரில் அநேகம் பேர் கை வெறுமனே இருந்தது. என் மகன் கையிலும் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் என் கை மட்டும் சிவந்து புடைத்திருந்தது.

"தம்பியப் பாத்துக்கிட்டீங்கள்ல, அப்பக் கிருமி உள்ள போயிருக்கும்" என்றார் அளந்தவர். "நோவு இல்லம்மா, ஒடம்பு அதைக் கண்டுகிட்டதுக்கு அடையாளம். தோல் கிடங்குத் தெருவுல இப்படிக் கைக நெறைய. ஒங்களுக்குத் தடுப்பூசி வேணாம். பிள்ளைக்குத்தான் வேணும்."

என் மாமியார் காதில் விழுந்தது 'கிருமி' என்ற சொல் மட்டுந்தான். மகனை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

"தம்பிய முழுங்கினது பத்தாதா? எம் பேரனையும் முழுங்கணுமா? ஊசி போட்டா அவனுக்கும் ஒன்னாட்டம் கை வீங்கும்!"

"வீங்கட்டும் அத்தை. நம்ம சனத்து ஒடம்புக்கு இந்த நோவு என்னன்னே தெரியாது. தெரியாமத்தான் எந்தம்பி செத்தான். பிள்ளையக் குடுங்க."

அவள் கொடுக்கவில்லை. நடுத்தெருவில் அவள் கையை முறுக்கித்தான் பிள்ளையை வாங்கினேன். என் புருஷன் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார். அந்த ஆண்மையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பக் கொண்டுபோய் மகன் தோளில் ஊசி போட்ட இடம் புண்ணாகிச் சீழ் வைத்து ஆற வெகுநாள் பிடித்தது. அது ஆறும்வரை மாமியார் வாயும் ஓயவில்லை. எனக்குத் தனித்தட்டு, தனிச்செம்பு. கிணற்றடியில் பெண்கள் என் குடத்தைக் கண்டால் தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள்.

நான் இருமவே இல்லை. மகன் வளர்ந்து, மழையிலும் வெயிலிலும் திரிந்து, நெஞ்சில் ஒரு குறையும் இல்லாமல் ஆளானான். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் மாமியார் சாகும்வரை என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நானும் கொண்டுபோய் நீட்டவில்லை.