எலி தோண்டிய மண்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் செவ்ஜித் நாலு திசையும் பார்ப்பாள். மரம் மட்டை இல்லாத மேய்ச்சல் வெளி. குதிரையில் வருகிறவன் வெகுநேரம் முன்பே புள்ளியாகத் தெரிந்துவிடுவான். அப்படியும் இரண்டாம் முறை பார்ப்பாள். முளைவிட்ட கிழங்குத் துண்டுகள் இடுப்புக் கச்சைக்கு மேலே, அங்கியின் மார்பு மடிப்புக்குள் உடம்புச் சூட்டில் பத்திரமாக இருக்கும். பிறகு மரக்கரண்டியால் கொஞ்சம் பாலை வானத்தைப் பார்த்துத் தெளிப்பாள். "கோவிச்சுக்காத தாயே, ஆழமாக் குத்த மாட்டேன்" என்பாள். அதற்கப்புறம்தான் முதல் வெட்டு.

மண்ணைக் காயப்படுத்துவது எங்கள் பக்கத்தில் பெரும் பாவம்; காயப்பட்ட மண் புயலையும் சாவையும் அனுப்பும் என்பார்கள். கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது முளைக்குச்சி இருந்த குழியைக்கூட மூடிவிட்டுத்தான் கிளம்புவோம். இந்தக் கட்டுக்குள் செவ்ஜித் போன வருஷம் ஒரு சந்து கண்டுபிடித்தாள். வளை எலிகள் வெளியே தள்ளிய மண்மேடுகளில் மட்டும் உருளைக்கிழங்கு ஊன்றினாள்.

"நான் எங்க தோண்டுனேன்? எலி தோண்டுச்சு. நான் சும்மா வெச்சேன்." யாரும் கேட்காதபோதே இதைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். விளைந்ததில் பாதியை எலியே தின்றுவிட்டது. "பங்காளி பங்கைப் பிரிச்சுக்கிட்டான்" என்று சிரித்தாள். மீதி, பள்ளி விடுதிச் சமையலறைக்குப் போனது. அங்கே சமைக்கிற நன்சல்மா, "இன்னும் கொண்டு வாடி, எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கறேன்" என்றாள். காய்கறி போடும் பெண்களுக்கு ஊரில் பயிற்சி நடக்கிறதென்றும் சொன்னாள். செவ்ஜித் போகவில்லை. மோட்டார் சைக்கிள் கணவன் லுவ்சனுடையது. "நீ போயிட்டா பால் யாரு கறப்பா?" என்று அவன் கேட்டான். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அப்புறம் அந்தக் குளிர்காலம் வந்தது. பனி கல்லாக இறுகிப் புல்லை மூடியதில் ஆடுகள் நின்றபடியே செத்தன. மிஞ்சிய கொஞ்சநஞ்சத்தை லுவ்சனின் அண்ணன் கோம்போ தன் மந்தையோடு சேர்த்து மேய்க்கிறார். அவர் முகம் சுளித்துப் பிரித்துவிட்டால், தனியே மேய்க்க ஆளுமில்லை, குதிரையுமில்லை. நகரத்து ஓரத்தில் புகை தின்னும் கூடாரங்களுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தச் சில ஆடுகளை மட்டும் நம்பியிருந்தாலும் அடுத்த பனிக்கு அதே கதிதான். கிழங்கு இல்லாமல் பிழைப்பு நிற்காது. கிழங்கு போட்டால் கோம்போ பொறுக்க மாட்டார்.

இந்த வசந்தத்தில் எலிமேடு போதவில்லை. பழைய ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் முதல்முறையாக, எலி தொடாத தரையில், தன் கையாலேயே குழிகள் வெட்டினாள். மறுநாளே மண்புயல் அடித்தது. வசந்தத்தில் புயல் அடிக்காத வருஷம் உண்டா? அவளுக்கும் தெரியும். ஆனால் கோம்போவின் பெட்டைக்குதிரைக்குக் கரு கலைந்த சேதி வந்தபோது கையிலிருந்த பால்வாளி நழுவிவிட்டது. ஊரார் சொல்வதை நம்பாதவளாக இருந்திருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும், பாவம். அவள் நம்புகிறவள். அன்றிலிருந்து நடக்கும்போதுகூடக் காலை அழுத்தி வைப்பதில்லை.

மண்புயல் ஓய்ந்த காலையில், கிழங்குத் துண்டுகளை மார்பு மடிப்பில் வைத்துக்கொண்டு ஊன்றலாமென்று அவள் குழிகளுக்குப் போன நேரம் பார்த்துக் கோம்போ வந்தார். பின்னாலேயே லுவ்சன். கோம்போ குதிரையை விட்டு இறங்கவில்லை.

"ஏம்மா, இது என்ன?"

பழகி வைத்திருந்த பேச்சு வாய்க்கு வந்தது. "எலிதான் பெரிய மச்சான்..."

"எலி நூல் புடிச்ச மாதிரி வரிசையாத் தோண்டுமோ?"

அவள் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள்.

"என் குதிரைக்குக் கரு போச்சு. அடுத்தது யாரு? உன் மகளா, என் பேரனா? குழிய மூடு. இல்லையா, உங்க ஆட்டப் பிரிச்சு ஓட்டிக்கிட்டுப் போயிருங்க. நின்னு பாத்துட்டுத்தான் நான் கெளம்புவேன்."

லுவ்சன் தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூடிரு புள்ள. நமக்கு எதுக்கு வம்பு?"

மகளா என்று அவர் கேட்டதும் செவ்ஜித்துக்கு விடுதியில் படிக்கும் பெண்ணின் முகம் ஒரு கணம் வந்து போனது. முதல் குழியின் முன்னால் மண்டியிட்டாள்.

அவள் கை மார்பு மடிப்புக்குள் போயிற்று. நெஞ்சில் கைவைத்து மண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்துக் கோம்போ மரியாதையாகத் தொப்பியை நேராக்கிக்கொண்டார். விரல் நுனியைத் தாண்டித் தொங்கும் அங்கிக்கை குழியின் வாயை மறைத்தது. பிறகு இரண்டு கையாலும் மண்ணை இழுத்து மூடி மெல்லத் தட்டிக் கொடுத்தாள். "கோவிச்சுக்காத தாயே" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. அதில் துளியும் பொய் இல்லை.

முழங்காலாலேயே அடுத்த குழிக்கு நகர்ந்து, மறுபடியும் கையை மார்பு மடிப்புக்குள் விட்டாள்.