கமலா அக்கா வீட்டு ஆர்மேனியக் கம்பளம்

காலை 8.30. புக்கிட் செந்தோசாவிலிருந்து கிளம்பினேன். கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு அறுபது மலேசிய வெள்ளி.

"கார்பெட் பாக்கவா இவ்ளோ தூரம்? கேஎல்ல இல்லாததா லா?" என்று சிரித்தார் ஓட்டுநர் சலீம் அண்ணன்.

சிரிக்கட்டும். கோலாலம்பூர் கடையொன்றில் இருபது வருடமாகக் கம்பளம் பழுதுபார்க்கிறேன். ஆர்மேனியக் கம்பளம் என்றால் எனக்குக் கிறுக்கு. அங்கே லோரி மாநிலப் பக்கத்தது என்றால் கம்பளிமுடி நீளம், உருவங்கள் பெரிது, நிறங்கள் கொஞ்சம். காராபாக் வட்டாரத்தது என்றால் கதிர் விரிக்கும் சூரியன், பூச்சியிலிருந்து எடுத்த கருஞ்சிவப்பு. நெய்த பெண்களில் சிலர் ஓரத்தில் பெயரையும் ஆண்டையும் எழுத்தாகவே நெய்துவிடுவார்கள். அப்படி ஒன்றையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஓரம் பிரிகிறது, தைத்துத் தர முடியுமா என்று கேட்டுக் கமலா அக்கா அனுப்பிய, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் எடுத்த பழைய புகைப்படத்தில் அந்த எழுத்து இருந்தது. அதைப் பார்க்கத்தான் இந்த ஓட்டம்.

10.00. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. அக்கா, தோட்டத்து எழுத்தரான கிராணியின் மகள், அறுபதைத் தாண்டியவர். கூடத்தில் கம்பளம் விரித்திருந்தது. காராபாக் சூரியனேதான்! மண்டியிட்டுப் பின்புறத்தைத் திருப்பினேன். பாவும் ஊடும் சுத்தக் கம்பளி. ஆசையோடு கீழ் ஓரத்துக்குப் போனால் எழுத்தைக் காணோம். கத்திரிக்கோல் போன கோடுதான் இருந்தது.

"எழுத்து எங்க அக்கா?"

"தொரை ஊருக்குப் போறப்ப அப்பாவுக்குக் குடுத்தது இது. விரிச்சுப் பாத்தா எழுத்து. எழுத்த மிதிக்கலாமா? அப்பாவே வெட்டி எடுத்துட்டாரு."

"வெட்டிட்டாரா!" என்று கத்தியே விட்டேன்.

"சத்தம் போடாதீங்க தம்பி. சாமி மேடையிலதான் இருக்கு."

முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு முழ நீளத் துண்டு. சந்தனம், குங்குமம், மல்லிகை. தரையில் கிடந்தது வெளுத்துப்போயிருக்க, கால்படாத இந்தத் துண்டின் சிவப்பு அப்படியே இருந்தது. திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் திகைத்து நின்றேன்.

12.10. அதைப் படமெடுத்து, ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: 'ஷுஷான் என்னும் நான் நெய்தேன்.' ஆண்டைக் குறித்த எழுத்துகள் வெட்டில் பாதி போய்விட்டன. பழைய புகைப்படத்திலும் அந்த இடம் மங்கல்; இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

"மந்திரம் இல்லையா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா. நெய்த பொண்ணோட பேரு. ஷுஷான்."

அவர் முகம் மாறியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னையே நொந்துகொண்டேன். இத்தனை வருடம் விளக்கேற்றிய இடம். இப்போது கழற்றி எறிந்துவிட்டால்?

அக்கா சட்டத்தைத் தொடவில்லை. குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

"அப்ப இது பூராவும் அவ கையால போட்டதுதானே தம்பி?"

"ஆமாக்கா."

சட்டென்று கம்பளத்தைவிட்டு இறங்கிச் சிமெண்டுத் தரையில் நின்றார். குனிந்து கம்பளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் இன்னும் கம்பளத்துச் சூரியனின் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு இறங்கத் தோன்றியதில்லை.