வாய் திறக்காத தேர்வுக் குழு

சனிக்கிழமை மதியங்களில் எங்கள் மைசூர் ஆய்வகத்தில் ஒரு போலித் தேர்வுக் குழு கூடும். பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் அழைப்பு வந்திருப்பவர் முன்னால் நின்று தன் ஆராய்ச்சியை விளக்குவார். மற்றவர்கள் எதிரே உட்கார்ந்து அவர் உயிரை எடுப்போம். சம்பந்தமில்லாமல் குடையும் வெளியூர்ப் பேராசிரியர் வேடம் எப்போதும் எனக்குத்தான். நான் நடிக்கவே தேவையில்லை என்பார்கள்.

கொள்ளேகால்காரி ஒருத்தி எங்களோடு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்தாள். பட்டுப்புழுவின் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அவள் ஆராய்ச்சி. மைசூரிலேயே ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. எங்களிடம் அவள் பணிக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. இது கை நழுவினால் அடுத்து என்ன என்று அவளுக்கே தெரியாது. ஆகவே விடாமல் படுத்தினோம். இரண்டாவது படம் திரையில் வந்ததுமே குறுக்கே பாய்வேன்: "இதனால் யாருக்கு என்ன பயன்?" முதலில் திணறினாள். போகப் போக ஒவ்வொரு கேள்வி வரும் இடமும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

நேர்காணலன்று கல்லூரி வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒருத்தருமே வாயத் தொறக்கலீங்க்கா! சும்மா பாத்துட்டே உக்காந்திருக்காங்க."

"ஆமேலே? அப்புறம் நீ என்ன பண்ணே?"

"நீங்க குறுக்க வர்ற எடத்துலயெல்லாம் பழக்கத்துல நின்னுட்டேன். ஒரே அமைதி. வேற வழியில்லாம, 'இதனால என்ன பயன்னு தோணும்'னு நானே கேட்டு நானே பதில் சொன்னேனுங்க்கா. கடைசி வரைக்கும் அப்படியேதான்."

உதவி செய்கிறோம் என்று அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ! மசாலா தோசை வாங்கிக் கொடுத்தேன். இருவருக்குமே இறங்கவில்லை.

அடுத்த வாரம், பேருந்தில் இருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"வேலை கெடச்சிருச்சுங்க்கா! 'வகுப்புல எங்க பசங்களும் இப்படித்தான் வாயே தொறக்க மாட்டாங்க. அவங்ககிட்ட நீங்க தாக்குப் பிடிப்பீங்க'ன்னு குழுத் தலைவர் சொன்னாரு."

நான் போட்ட கூச்சலில் நடத்துனர் திரும்பி முறைத்தார். முறைக்கட்டும்.

"வீட்ல என்ன சொன்னாங்க?" என்றேன்.

"வீட்டுக்கு இனிமேத்தான் சொல்லோணும். மொதல்ல உங்களுக்குத்தான் கூப்பிட்டேன்."

கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.